ஓட்டு இல்லாவிட்டாலும் சிட்டி கவுன்சிலில் பேசலாம்: கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம்

கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறீர்கள். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, ஓட்டும் கிடையாது. எதிரே இருக்கும் பூங்காவை ஏதோ செய்யப்போகிறார்களாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். சிட்டி கவுன்சிலில் போய்ப் பேசலாமா, "நீ யார் கேட்பதற்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா?

தாராளமாகப் பேசலாம். இதற்கான சட்டத்தின் பெயர் பிரவுன் சட்டம். அதில் பேசும் உரிமை "பொதுமக்களுக்கு" என்றுதான் எழுதியிருக்கிறது. குடியுரிமை, ஓட்டு, சொந்த வீடு எதையும் அது கேட்பதில்லை, அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்க வந்திருக்கும் தாத்தாவும் எழுந்து பேசலாம். கூட்டத்துக்குள் போய் உட்காரப் பெயர், முகவரி கொடுக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள், அதில் எழுதுவது உங்கள் இஷ்டம். செல்போனில் படம் பிடிக்கவும் உரிமை உண்டு, கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை.

சட்டம் வந்தது 1953-இல். உள்ளூர் மன்றங்கள் முடிவுகளை எல்லாம் தனியறையில் எடுத்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் கை மட்டும் தூக்குகின்றன என்று சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நிருபர் மைக்கேல் ஹாரிஸ் 1952-இல் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதைத் தொடர்ந்து மொடெஸ்டோ ஊரின் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் மசோதா கொண்டுவர, ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்துப் போட்டார். தங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளிடம் மக்கள் தங்கள் இறையாண்மையை ஒப்படைத்துவிடவில்லை என்று சட்டத்தின் முகப்பிலேயே இருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கு இது கொஞ்சம் சூடான பேச்சுதான். கவுன்சில் மட்டுமல்ல, பள்ளிக் கல்வி வாரியம், பிளானிங் கமிஷன், தண்ணீர் வாரியம் எல்லாம் இதற்குள் வரும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முக்கியமானது அஜெண்டா, அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால், யாரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்திலும் ஊரின் இணையதளத்திலும் அஜெண்டாவைப் போட்டாக வேண்டும். செவ்வாய் மாலை 7 மணிக்குக் கூட்டம் என்றால் சனி மாலை 7 மணிக்குள் என்று கணக்கு, சனி ஞாயிறும் சேர்த்திதான். ஸ்பெஷல் மீட்டிங் என்றால் 24 மணி நேரம் போதும். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு சுருக்கமான விவரம் இருக்க வேண்டும், பொதுவாக 20 சொல்லைத் தாண்டத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அந்த 20 சொல்லில்தான் நாம் கோட்டைவிடுவது.

எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது. "பூங்காக்களில் மின்சிக்கன நடவடிக்கைகளுக்கு ஒப்புதல்" என்று ஒரு வரி. நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டோம். கூடவே இணைத்திருந்த ஊழியர் அறிக்கையின் நாலாம் பக்கத்தில், நடைபாதை விளக்குகள் இனி 9 மணிக்குப் பதில் 8 மணிக்கே அணையும் என்று இருந்ததை யாரும் படிக்கவில்லை. வேலை முடிந்து வந்து நடக்கிறவர்களும், சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பெரியவர்களும் ஒரு நாள் எட்டு மணிக்கு இருட்டில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வரி இருந்த இடம் கன்சென்ட் காலண்டர். சச்சரவு வராது என்று நினைக்கும் பத்து இருபது விஷயங்களை ஒரு கட்டாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் முடித்துவிடும் பகுதி அது. போன கூட்டத்தின் குறிப்பு, பில் பட்டியல், காண்ட்ராக்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். அஜெண்டாவில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். கவுன்சில் உறுப்பினர் யாராவது சொன்னால் கட்டிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனியாக விவாதிப்பார்கள். அதனால் கூட்டத்துக்கு முன்பே ஒருவருக்கு மெயில் போட்டுக் கேட்பது நல்லது. பிரிக்காவிட்டாலும் ஓட்டெடுப்புக்கு முன் அதைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் ஏழு பேர் போனோம். பொதுவாகத் தலைக்கு மூன்று நிமிடம். கூட்டம் அதிகமானால் இரண்டு, ஒன்று என்று குறைப்பார்கள், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. நேரத்தைக் காட்ட எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். கவுன்சில் உறுப்பினர்கள் ஐந்து பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேயர் "தேங்க் யூ" என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். எனக்குக் கோபமான கோபம். வெளியே வந்த பிறகு, கவுன்சிலின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரியான சிட்டி கிளார்க்தான் பொறுமையாக விளக்கினார். விளக்கு விவகாரம் அன்றைய அஜெண்டாவில் இல்லை. அஜெண்டாவில் இல்லாததைப் பற்றி நாம் பேசலாம், அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. சுருக்கமாக ஒரு பதில் சொல்லலாம், ஊழியரைப் பார்க்கச் சொல்லலாம், பின்னொரு கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம், அதற்கு மேல் போனால் சட்டமீறல். நாம் அவமரியாதை என்று நினைக்கும் மௌனம், அறிவிப்பைப் பார்க்காததால் வராமல் போன இன்னொருவரின் உரிமையைக் காப்பாற்றுகிறது. ஆகவே இந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியது "செய்யுங்கள்" என்று அல்ல, "அஜெண்டாவில் வையுங்கள்" என்று. இன்னொன்று, ஸ்பெஷல் மீட்டிங்கில் அஜெண்டாவில் உள்ளதைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்.

கவுன்சில்காரர்களுக்கும் கட்டுப்பாடு கடுமை. ஐந்து பேர் மன்றத்தில் மூன்று பேர் பெரும்பான்மை. இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டே ஊர் விவகாரம் பேசலாம். மூன்றாமவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் அது அறிவிக்கப்படாத கூட்டம். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மூன்றாமவருக்குச் சொல்வதும் அதே கணக்கு, மெயிலில் எல்லோருக்கும் பதில் தட்டுவதும் அப்படியே. 2021 முதல், ஊர் விவகாரம் பற்றி சக உறுப்பினர் ஃபேஸ்புக்கில் போட்டதற்கு ஒரு லைக் கூடப் போடக்கூடாது. கல்யாணத்தில் ஒன்றாகச் சாப்பிடலாம், ஊர் வேலையைப் பேசாத வரை.

மூடிய கதவுக்குள் பேச அனுமதி உள்ளவை சிலதான்: வழக்குகள், நிலம் வாங்க விற்க விலை பேசுவது, ஊழியர் நியமனம் நீக்கம், சம்பளப் பேச்சுவார்த்தை. உள்ளே போகும் முன் எதற்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், முடிவு எடுத்திருந்தால் வெளியே வந்து அறிவிக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் பெல் என்ற சுமார் 35,000 பேர் கொண்ட சிற்றூரில் என்ன நடந்தது என்று 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. ஊர் நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான சிட்டி மேனேஜர் ராபர்ட் ரிஸோவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம், பகுதிநேர வேலையான கவுன்சில் பதவிக்குக் கிட்டத்தட்ட 1 லட்சம். கவுன்சில் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்த வரம்பிலிருந்து தப்ப வழி செய்த 2005 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. ரிஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டு சிறை. அந்தச் சூட்டில் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: மேலதிகாரிகளின் சம்பளத்துக்காக 24 மணி நேர அறிவிப்பில் ஸ்பெஷல் மீட்டிங் கூட்டக் கூடாது. பிறகு இன்னொரு திருத்தம், ஓட்டெடுக்கும் முன் சம்பள விவரத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று.

மீறினால்? முதலில் எழுத்தில் ஒரு கடிதம், இன்ன முடிவு இன்ன விதியை மீறியது, திருத்துங்கள் என்று. பொதுவாக 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும், திறந்த கூட்டத்தில் அஜெண்டா விதியை மீறியிருந்தால் 30 நாள்தான். அவர்கள் திருத்த 30 நாள், திருத்தாவிட்டால் நீதிமன்றம் போக 15 நாள். தேதி தவறினால் போச்சு, அதனால் இங்கே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வக்கீல் இல்லை. எங்கள் விளக்கு விஷயத்தில் இதற்கு இடமே இல்லை, நாலாம் பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம், ஆங்கிலம் வராதவர்களுக்கான விதி. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால், உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத பட்சத்தில், குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து விளக்கு விவகாரம் முறைப்படி அஜெண்டாவில் வந்தபோது என் மாமனார் தமிழில் பேசினார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். முழங்கால் வலி, டாக்டர் நடக்கச் சொன்னது, எட்டு மணிக்கு இருட்டானால் வேர் தடுக்கும் அந்த இரண்டு மரங்கள் எல்லாம் சொன்னார். ஆறு நிமிடத்தில் நாலரைதான் செலவானது. மேயர் அதே "தேங்க் யூ" சொன்னார். இந்த முறை ஐந்து பேரும் முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள், ஓட்டு 3-2, எங்களுக்கு எதிராக. அடுத்த கூட்டத்து கன்சென்ட் காலண்டரில் பூங்காக் கழிப்பறை பூட்டும் நேரம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டோம்.