தேய்க்கும் உருளையா, பிழியும் அச்சா?

வீட்டில் பாஸ்தா செய்ய உதவும் இயந்திரங்களை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். பிசைந்த மாவை இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே செலுத்தித் தகடாக்கி, அதை நாடாக்களாக வெட்டுவது ஒரு வகை. திருகுத்தண்டால் மாவை நெருக்கி, துளையிட்ட அச்சின் வழியே பிழிந்து தள்ளுவது மற்றொரு வகை. இவ்விரண்டும் கேட்கும் மாவின் பதம் முற்றிலும் வேறானது. ஆகவே எந்த மாவில் எந்தப் பாஸ்தாவைச் செய்யப்போகிறோம் என்று தீர்மானித்த பிறகே இயந்திரத்தைத் தேட வேண்டும்.

கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் அதிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் புரதங்கள் பிணைந்து குளூட்டன் வலையாகின்றன. இழுத்த மாவு பழைய நிலைக்கே சுருங்க முனைவது முன்னதால். அறுபடாமல் நீள்வது பின்னதால். நம் இடியாப்பத்தில் இந்த வலை கிடையாது. வெந்நீரில் பசையாகும் அரிசி மாவுச்சத்தே அதன் இழையைக் காக்கிறது. பாஸ்தாவுக்குக் குளிர்ந்த நீரோ முட்டையோ போதுமாக இருப்பதற்குக் காரணம் குளூட்டன்தான்.

உருளை இயந்திரத்துக்கு மீள்தன்மையுள்ள மென்மையான மாவு வேண்டும். இத்தாலியின் எமிலியா ரோமாஞ்ஞா பகுதியில் 100 கிராம் மென்கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது வழக்கமான கணக்கு. பிசைந்தவுடன் தேய்த்தால் இறுகிய வலை மாவைப் பின்னுக்கு இழுக்கும். அரை மணி நேரம் மூடிவைத்தால் அந்த இறுக்கம் தளர்கிறது. பிறகு உருளைகளை மிக அகலமான இடைவெளியில் வைத்து, மாவை மடித்து மடித்துச் சில முறை செலுத்தும்போது புரத இழைகள் ஒழுங்குபட்டு, தகடு பட்டுப்போல் வழவழப்பாகிறது. அதன்பின் இடைவெளியை ஒவ்வொரு படியாகவே குறைக்க வேண்டும். படிகளைத் தாண்டினால் மாவு அந்த வேகத்தில் நீள முடியாமல் கிழிந்துவிடும். வெளிவந்த தகடு சற்றே சுருங்கி, உருளைகளின் இடைவெளியைவிடத் தடிப்பாகவே நிற்கும். கைப்பிடி சுற்றும் இயந்திரங்களில் தடிமனை மாற்றும் படிகள் எத்தனை உள்ளன, மேசைப் பிடிப்பு ஆடாமல் நிற்கிறதா என்ற இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

பிழியும் இயந்திரத்துக்கு இதே மாவைக் கொடுத்தால் அது திருகுத்தண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டியது நம் புட்டு மாவின் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். 100 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் நீர் போதும். உதிரியாக இருக்கும் இந்த மாவை அழுத்தமே ஒன்றாக்குகிறது. தொழிற்சாலைகளில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 100 மடங்கு. வீட்டு மோட்டாரால் அதை எட்ட முடியாது என்பதால் நீரைத் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். இம்முறைக்குப் பொருத்தமானது டூரம் என்னும் கடின கோதுமையின் நுண்ணிய ரவை. உலர் பாஸ்தாவை அதில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமே இயற்றியது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் டூரம் விளைகிறது. ஆனால் உப்புமாவுக்கு விற்கும் பருமனான ரவை நீரை மெதுவாகவே உறிஞ்சுவதால், அதை மேலும் அரைத்துச் சலிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

அச்சு எதனால் ஆனது என்பதும் சுவையோடு தொடர்புடையது. வெண்கல அச்சு மாவின் மேற்பரப்பைச் சிராய்த்துச் சொரசொரப்பாக்குவதால் குழம்பு நன்றாகப் பற்றிக்கொள்கிறது. டெஃப்லான் பூசிய அச்சில் வரும் பாஸ்தா வழவழப்பாகவும் பளிச்சென்றும் இருக்கும். வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் அச்சுகளே வருகின்றன.

தாலியத்தெல்லே, லசான்யா போன்ற நாடாவும் தகடும் விரும்புவோருக்கும், முட்டை சேர்ப்போருக்கும் கையால் சுற்றும் உருளை இயந்திரத்தையே நான் பரிந்துரைப்பேன். பென்னே, மக்ரோனி போன்ற குழல் வடிவங்கள் வேண்டுமானால் பிழியும் இயந்திரத்தைத் தவிர வேறு வழியில்லை. எதை வாங்கினாலும் சுத்தம் செய்யும் முறையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உருளைகளில் நீர் படவே கூடாது. உள்ளே தங்கும் ஈரம் துருவேற்றும், மிச்ச மாவைப் பசையாக்கும். ஒட்டிய மாவை நன்றாகக் காயவிட்டுத் தூரிகையால் தட்டினால் தானே உதிர்ந்துவிடும்.