புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லையா? எர்த் வயரைப் பாருங்கள்

கடலூரில் கார் எலக்ட்ரீஷியனுக்கு உப்புக்காற்றுதான் படியளக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் ராத்திரி முழுக்க வெளியில் நிற்கும் வண்டிகளின் பானட்டைத் தூக்கினாலே தெரியும், பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும்.

போன ஆடியில் ஒரு சின்ன கார் வந்தது. பத்து வருட வண்டி. "புது பேட்டரி போட்டு மூணு மாசம்தான்ணே ஆகுது. செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பார்த்தாச்சு. காலையில 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்றார் வண்டிக்காரர். பேச்சோடு பேச்சாக, கிளட்ச் கேபிள் இறுகி ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றியதையும் சொன்னார். அதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயர் பாடிக்கும் இன்னொன்று எஞ்சினுக்கும் போகும். இவைதான் எர்த் வயர்கள். செல்ஃப் அடிக்கும் ஓரிரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் அந்த எஞ்சின் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதன் முனையில் களிம்பு பிடித்தால் மின்சாரம் சந்து பொந்தில் நுழையும். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில், எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கேபிளே எர்த் வயராகிவிடும். அவ்வளவு மின்சாரத்தை அது தாங்குமா? கம்பி சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகிப் பிடித்துக்கொள்ளும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதைதான்.

பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவின் ஈயத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இவர் வண்டியில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! கழற்றி, உப்புத்தாள் போட்டு மினுங்கத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாள். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? அதுவும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். நிஜமாகவே சூடானால் சங்கதி வேறு. ரேடியேட்டரில் நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றியே உள்ளே உப்பு கட்டிப்போன வண்டிகள் நிறைய. அவசரத்துக்கு ஊற்றினாலும், அப்புறம் கழுவிவிட்டு கூலன்ட் போட்டுவிடுங்கள். 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போடுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை. ஃப்யூஸ் போகாது, வயர் எரியும்.

மழைக்காலம் தனி. வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுத்து வாருங்கள். 2024 ஃபெஞ்சல் மழையில் தரை நனைந்த சில வண்டிகள் பொங்கல் கழித்துத்தான் என்னிடம் வந்தன, ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்று. கார்ப்பெட்டைக் காய வைத்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டருக்குள் களிம்பு பூத்திருந்தது. அந்த மஞ்சள் கனெக்டரில் மட்டும் நீங்களாக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காதீர்கள், ஏர்பேக் வெடித்துவிடக்கூடும்.