ஆரஞ்சு ஜூஸ் ஏன் ‘திரிகிறது’?

கும்பகோணம் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழு, நாக்பூர் ஆரஞ்சைப் பிழிந்து, சூடுபடுத்தி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து விற்கிறது. போன கோடையில் குழுவை நடத்தும் அக்கா ஃபோனில் பதறினார்: “ஜூஸ் திரிஞ்சு போச்சு சார். தண்ணி கலந்துட்டீங்கன்னு கடைக்காரர் இருபது பாட்டிலைத் திருப்பி அனுப்பிட்டார்.”

நேரில் போய்ப் பார்த்தேன். மேல்பாதி வெளிறிய மஞ்சளாகத் தெளிந்து நின்றது. அடியில் இரண்டு விரற்கடைக்கு வண்டல். மூடியைத் திறந்து முகர்ந்தேன், புளித்த வாடை துளியும் இல்லை. ஜூஸ் கெடவில்லை. சூடுதான் போதவில்லை.

பழத்திலேயே பெக்டின் மெதில் எஸ்டரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ஜூஸைக் கலங்கலாகத் தாங்கிப் பிடிப்பது பெக்டின். இந்த நொதி அதை மாற்றிவிட்டால், ஜூஸில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கட்டியாகி, கலங்கலையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வேலை மெதுவாகும், நிற்காது. கெடுக்கும் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் சாகிற சூட்டையும் இந்த நொதி தாங்கும். அக்கா 65 டிகிரியில் இறக்கியிருந்தார். கிருமி அடங்கியது, நொதி அடங்கவில்லை.

சரி, சூட்டைக் கூட்டலாம் என்று அடுத்த தடவை பெரிய அண்டாவில் அரைமணி நேரம் கொதிக்க விட்டுவிட்டார்கள். வண்டல் படிவது நின்றது. ஆனால் வாயில் வைத்தால் வெந்த வாடை, கூடவே நாக்கின் அடியில் ஒரு கசப்பு. பழத்தின் மணம் ஆவியோடு போய்விட்டது. கசப்புக்குக் காரணம் லிமோனின். கொட்டையிலும் வெள்ளைத் தோலிலும் கசக்காத வடிவில் இருக்கும் ஒரு பொருள், ஜூஸின் புளிப்பில் மெல்ல லிமோனினாக மாறும். சூடு பட்டால் வேகமாக மாறும். மிக்ஸியில் கொட்டையோடு அடித்தால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை கொட்டி மறைக்கிறார்கள், எனக்கு அது வருத்தம்.

அதிக சூடு, குறைந்த நேரம், உடனே குளிர்ச்சி: இதுதான் வழி. பெரிய ஆலைகளில் 90 முதல் 95 டிகிரியில் 15 முதல் 30 விநாடிதான் வைக்கிறார்கள். அந்த இயந்திரம் குழுவுக்குக் கட்டாது. அதனால் அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்று மூன்று லிட்டராக, கிளறிக்கொண்டே 90 டிகிரிக்கு ஏற்றி, ஒரு நிமிடம் வைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றச் சொன்னேன். ஓரம் கொதிக்கும்போதும் நடுவில் சூடு குறைவாக இருக்கும், தெர்மாமீட்டரை நடுவில்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், பச்சைத் தண்ணீர், ஐஸ் தண்ணீர் என்று வரிசையாக இறக்க வேண்டும். நேரே ஐஸில் வைத்தால் பாட்டில் விரிசல் விடும்.

“சூடே வேண்டாம், பச்சையாக விற்கலாமே” என்று கேட்பவர்களும் உண்டு. கண்ணெதிரே பிழிந்து உடனே குடித்தால் சரி. பாட்டிலில் அடைத்து நாள்கணக்கில் வைப்பதற்கு நான் ஒப்பமாட்டேன். 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடுபடுத்தாத ஆரஞ்சு ஜூஸில் சால்மொனெல்லா என்ற கிருமி கலந்து நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள். புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

சூடுபடுத்தியதையும் 4 டிகிரியில்தான் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் சூடேறினால் வைட்டமின் சி வேகமாகக் குறையும், நிறமும் பழுப்பேறும். மன்னார்குடி வரை டூவீலரில் கொண்டுபோகிற பாட்டில்களுக்குத் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் கட்டாயம்.