நிறைத்தராசு காட்டாத தசை

வன்னியிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கீமோவுக்குப் போகிறவருக்கு முதலில் உயரமும் நிறையும் பார்ப்பார்கள். பெரும்பாலான மருந்துகளின் அளவு உடல் மேற்பரப்பை வைத்தே கணிக்கப்படுகிறது: உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 160 செ.மீ., 58 கிலோ என்றால் 1.6 சதுர மீற்றர். வயலில் உழைத்து முறுகிய உடம்புக்கும், மாதக்கணக்கில் பாயில் கிடந்து தசை கரைந்த உடம்புக்கும் இதே 1.6தான்.

5-எஃப்.யூ. போன்ற நீரில் கரையும் கீமோ மருந்துகள் கொழுப்புக்குள் அதிகம் போவதில்லை. தசை குறைந்தவரில் அவை பரவ இடம் போதாமல் இரத்தத்தில் செறிவு கூடுகிறது. வாய்ப்புண், வயிற்றோட்டம், வெண்குருதிக்கலங்கள் விழுதல் எல்லாம் கடுமையாகின்றன. அதனால் அடுத்த சுற்று தள்ளிப்போகும், அளவு குறையும், புற்றுநோய்க்கு விழும் அடியும் தளரும்.

கார்போபிளாற்றின் என்ற கீமோ மருந்தில் சிக்கல் வேறு. அதன் அளவு சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகத்தை இரத்தத்திலுள்ள கிரியேற்றினின் என்ற கழிவை வைத்து மதிப்பிடுகிறார்கள். கிரியேற்றினின் தசையில் உண்டாவது. தசை கரைந்தால் அதுவும் குறையும். ரிப்போட்டில் சிறுநீரகம் அபாரமாக வேலை செய்வதுபோலத் தெரியும். 65 வயது, 58 கிலோ ஆணுக்குக் கிரியேற்றினின் 0.8 மி.கி./டெ.லீ. என்றால் வேகம் நிமிடத்துக்கு 75 மி.லீ., 0.5 என்றால் 121. வழமையான ஓர் இலக்குக்கு (ஏ.யூ.சி. 5; ஏ.யூ.சி. என்பது இரத்தத்தில் மருந்து மொத்தமாக எவ்வளவு தங்குகிறது என்ற அளவு) மருந்து ஏறத்தாழ 500 மி.கி.யிலிருந்து 730க்குப் பாய்கிறது. உண்மையான வேகம் 75 ஆகவே இருந்தால் குருதிச் சிறுதட்டுகள் சரிந்து முரசால் இரத்தம் கசியும். இதனால்தான் பல இடங்களில் 0.7க்குக் கீழான பெறுமதியைக் கணக்கில் எடுப்பதில்லை.

தசையைத் துல்லியமாகக் காட்டுவது இடுப்புப் பகுதியின் மூன்றாம் முள்ளந்தண்டு எலும்பு மட்டத்து சி.ரி. படம். வீட்டில் தையல் நாடாவால் கெண்டைக்காலின் தடித்த இடத்தை அளக்கலாம்: ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு பொய்க்கும். வயிற்றில் நீர் கோத்தவரின் நிறையும் அப்படித்தான்: தசை போகப்போக நீர் அந்த இடத்தை நிரப்பும், தராசு அசையாது.

பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுப்பது பெரும் தீங்கு. கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்றால் 58 கிலோவுக்கு நாளுக்கு 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சமைத்த குளத்து மீன் 100 கிராமில் 20க்கு மேல் உண்டு. கௌபியும் பயறும் கைகொடுக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

கெப்பசிற்றபின் குளிசை உடலுக்குள் 5-எஃப்.யூ. ஆகவே மாறுகிறது. வயிற்றோட்டம் தொடங்கினால் நீங்களாக எண்ணிக்கையைக் குறைக்காமல், அடுத்த வேளைக்கு முன் கிளினிக்குக்கு அழையுங்கள்.