வால்வு உடைகிறது என்றால் வால்வை மட்டும் மாற்றாதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட வி8 படகு இன்ஜின், ஒரே சீசனில் மூன்றாவது முறையாக ஹெட்டைக் கழற்றுகிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து பிஸ்டனுக்குள் குத்தி நிற்கிறது. உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "இதைவிட விலை கூடின வால்வு கிடைக்குமா சார்?"

கிடைக்கும். இன்கொனல் என்கிற நிக்கல் கலப்பு உலோக வால்வு சூட்டையும் தாங்கும், துருவையும் தாங்கும், நானே பல இன்ஜின்களுக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அது உட்காரும் சீட்டும் ஓடும் கைடும் துருப்பிடித்துக் கிடந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், எந்த வால்வைப் போட்டு என்ன பயன்? ஒரு முறை உடைந்தால் மட்டமான பொருள் என்று சொல்லலாம். மூன்று முறை உடைந்த பிறகும் அதையே சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு பிஸ்டனும் சேர்ந்து போகிறது.

முந்தைய இரண்டு வால்வுகளின் துண்டுகளைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டார்களாம். சரி, உடையாத பக்கத்து வால்வுகளை உருவிப் பார்த்தேன். ஸ்டெம்மில், அதாவது வால்வின் தண்டில், கைடு முடிகிற இடத்தில் வளையமாகப் பழுப்புத் துரு, விரலால் தள்ளினால் பாதி வழியில் பிடிக்கிறது. இன்டேக் வால்வுகள் பளிச்சென்று இருந்தன. எக்ஸாஸ்ட் குழாயின் உட்புறத்தில் போர்ட் (ஹெட்டில் புகை வெளியேறும் துளை) வரை தண்ணீர் ஏறி வந்த தடம். புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டையும் ரைசரையும் பிரஷர் டெஸ்ட் செய்தோம், கசிவு இல்லை. அப்புறம் என்ன, ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம், மெதுவாகப் போக வேண்டிய இடங்களில் நீண்ட நேர ஐடில், போர்ட்டுக்கு மிக அருகிலேயே புகையோடு கலக்கிற குளிர்நீர். இன்ஜின் அந்த ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

துருவே இல்லாமல் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் வளைந்து, பிஸ்டன் மேல் பிறை வடிவில் இடித்த தடம் இருந்தால் கதை வேறு. அலையில் படகு துள்ளும்போது ப்ரொப்பல்லர் காற்றில் சுற்றும், த்ராட்டிலிலிருந்து கையை எடுப்பதற்குள் ஆர்பிஎம் எகிறிவிடும். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அதற்கு மேல் போனால் தளர்ந்த ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டி இழுத்து வைக்க முடியாது. ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். பொருத்தும் உயரத்தில் வைத்து டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள், அழுத்தம் பத்து சதவீதம் குறைந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இல்லாமல் இந்த மாதிரி இன்ஜினை ஓட்டவே கூடாது.

எப்போதும் ஒரே சிலிண்டரில் மட்டும் வால்வு உடைகிறது என்றால் அந்த இன்ஜெக்டரைச் சோதியுங்கள், கைடும் சீட்டும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று மெஷின் ஷாப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

தயவுசெய்து உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவவும் வேண்டாம். எந்த சிலிண்டர், இன்டேக்கா எக்ஸாஸ்ட்டா என்று எழுதி, பக்கத்து வால்வுகளோடு அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அந்தப் படகுக்கு ஓவர்லாப் குறைந்த கேம் மாற்றி, தண்ணீர் கலக்கும் இடத்தைப் போர்ட்டை விட்டு இன்னும் தள்ளி வைத்திருக்கிறோம். ஒரு மாதம் ஓட்டிவிட்டு எக்ஸாஸ்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், குழாய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.