‘தன்மதிப்பு’ இருக்கத் ‘தாழ்வு மனப்பான்மை’ எதற்கு?

1944இல் வந்த ‘கேஸ்லைட்’ படத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ‘தாழ்வு மனப்பான்மை கொண்ட மனைவியின் கதை’ என்ற வரியைப் பார்த்ததும் மேலே படிக்க மனம் வரவில்லை. செல்ஃப் எஸ்டீம், அதாவது தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பு, குறைந்த பாத்திரம் எந்த உளவியல் த்ரில்லரில் வந்தாலும், விமர்சனம் எழுதுவோருக்கும் சப்டைட்டில் எழுதுவோருக்கும் இந்த ஒரே தொடர்தான் கைக்கு வருகிறது. எத்தனை முறை படித்தாலும் பழகிப்போகாத தவறு இது.

எஸ்டீம் என்பதற்கு மூலம், விலை கணிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். எஸ்டிமேட் என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தது. தமிழில் ‘மதிப்பு’ இதே இரட்டைப் பொருளைத் தானாகவே சுமக்கிறது: வீட்டின் மதிப்பு என்றால் விலை, மனிதரின் மதிப்பு என்றால் பெருமை. ஆக, தன்னைத் தானே கணித்து வைத்திருக்கும் அளவு ‘தன்மதிப்பு’. அது குறைந்தால் ‘தன்மதிப்புக் குறைவு’. எழுத்தெண்ணிப் பார்த்தால் ‘தாழ்வு மனப்பான்மை’யைவிட ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். இடம் போதவில்லை என்று சப்டைட்டில்காரர் சாக்குச் சொல்ல முடியாது.

தாழ்வு மனப்பான்மை என்பது உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் ‘இன்ஃபீரியாரிட்டி காம்ப்ளெக்ஸ்’ என்ற கருத்துக்கு நாம் வைத்த பெயர். பிறரைவிடத் தாழ்ந்திருக்கிறோம் என்ற உணர்வு எல்லோருக்கும் உண்டு, அதுவே முன்னேறவும் தூண்டுகிறது, மீள முடியாமல் அதில் சிக்கிக்கொள்ளும்போதுதான் நோய் என்பது அவர் கொள்கை. காம்ப்ளெக்ஸ் என்ற அந்தச் ‘சிக்கல்’ தமிழுக்கு வந்தபோது ‘மனப்பான்மை’யாகிவிட்டது. எனக்குள்ள கோபத்தில் பாதி இந்த மனப்பான்மை மீதுதான். அலட்சிய மனப்பான்மை, அடிமை மனப்பான்மை என்றெல்லாம் நாம் பேசும்போது அதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது அவரவர் குணம், அவரவர் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறோம்.

இனி ‘கேஸ்லைட்’ நாயகி பாலாவைப் பாருங்கள். சுவரில் மாட்டிய படம் காணாமல் போகிறது. கணவன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே விசாரிக்கிறான். எடுத்தது நீதான் என்று அவளை நம்பவைக்கிறான். அறையின் விளக்கு மங்குவதைத் தன் கண்ணால் பார்த்தும் அவளால் தன் கண்ணை நம்ப முடியவில்லை. அவள் யாருடனும் தன்னை ஒப்பிட்டுக் குமையவில்லை. அவள் மதிப்பை ஒருவன் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுக்கிறான். அதற்குப் போய் ‘மனப்பான்மை’ என்று பெயரிட்டால், குறை அவளிடம்தான் என்று கணவன் சொன்னதையே நாமும் சொன்னதாகிறது. ஒரு சொல் இவ்வளவு பெரிய அநியாயத்தைச் செய்கிறது.

தாழ்வு மனப்பான்மை பொருந்தும் படங்களும் இருக்கின்றன. 1999இல் வந்த ‘தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி’யில், பின்னால் கொலைகாரனாகும் டாம், பணக்கார நண்பனின் உடைகளை அணிந்துகொண்டு கண்ணாடிமுன் ஆடுகிறான். நண்பன் வந்து நின்றதும் அவன் முகம் போகும் போக்கைப் பாருங்கள். அவனிடம் இருப்பது முழுக்க முழுக்க ஒப்பீடு. அங்கே அந்தத் தொடரைத் தாராளமாக எழுதலாம். டாமுக்கும் பாலாவுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கொல்பவனுக்கும் வதைபடுகிறவளுக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

‘சுயமரியாதை’ என்று எழுதலாமே என்பார்கள். நான் அதை மறுப்பது வடசொல் என்பதற்காக அல்ல. 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயராக நின்று, பிறர்முன் தலைகுனிய மறுக்கும் நிமிர்வு என்ற பொருளை அது ஆழமாகப் பெற்றுவிட்டது. ‘அவளுக்குச் சுயமரியாதை இல்லை’ என்றால் தமிழ் வாசகருக்கு அது வசவு. பாதிப்பைச் சொல்ல வந்த இடத்தில் வசவு எதற்கு?

‘தன்னம்பிக்கை இல்லாதவள்’ என்பதும் சரிப்படாது. 2010இல் வந்த ‘பிளாக் ஸ்வான்’ படத்தின் பாலே நடனக்காரி நீனாவுக்குத் தன் கால்கள் பிழை செய்யா என்று தெரியும். வெள்ளை அன்னமாக ஆட அவளுக்கு நிகரில்லை. ஆனாலும் அவள் கணக்கில் அவளுக்கு மதிப்பே இல்லை. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதற்கு ஒரு வகுத்தல் கணக்குச் சொன்னார்: அடைந்த வெற்றியை, அடைய நினைத்ததால் வகுத்தால் வருவதே தன்மதிப்பு. நீனா அடைய நினைப்பது அப்பழுக்கற்ற முழுமை. வகுக்கும் எண் ஏறிக்கொண்டே போனால் ஈவு என்னாகும்? திறமை இருந்தும் தன்மதிப்புக் குறையலாம் என்பதை ‘தன்னம்பிக்கை’ என்ற சொல்லால் எப்படிச் சொல்வது?

இவ்வகைப் படங்களை ‘உளவியல் திகில்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் இதே சோம்பல்தான். த்ரில் என்ற சொல்லின் பழைய பொருள் துளைத்தல். திகில் திடுக்கிட வைத்துவிட்டுப் போய்விடும். இந்தப் படங்களோ மெல்லத் துளைத்து உள்ளே இறங்குபவை. நல்ல சொல் கிடைக்கும்வரை ‘உளவியல் த்ரில்லர்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம், பாதகமில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, காட்சியைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் வயிறெரிகிறது.

பெயர்ச்சொல்லைக் கட்டி அழ வேண்டும் என்பதுகூட இல்லை. தமிழ் வினையால் பேசும் மொழி. ‘அவள் தாழ்வு மனப்பான்மையால் பாதிக்கப்பட்டிருக்கிறாள்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘அவள் தன்னை மிகவும் குறைத்து மதிக்கிறாள்’ என்று போடுங்கள். பாலாவைப் பற்றி எழுதும்போது மட்டும் இன்னும் ஓர் அடி கிட்டப் போய், ‘தன்னைக் குறைத்து மதிக்கும்படி அவளை ஆக்கிவிட்டான்’ என்று எழுதுங்கள்.