மின்னழுத்தத் 'தொய்வு' என்று எழுதுங்கள்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றின் தமிழ்க் கையேட்டில் 'மின்னழுத்த வீழ்ச்சியால் கருவி நின்றுபோகலாம்' என்று இருந்தது. வோல்டேஜ் ஸேக் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். எத்தனை கையேடுகளில்தான் இதைப் பார்ப்பது!

ஸேக் என்றால் கயிறு போன்றது நடுவில் தளர்ந்து இறங்குவது. மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1159 தரத்தின்படி, மின்னழுத்தம் இயல்பளவில் 10 முதல் 90 சதவீதத்துக்கு இறங்கி, மாறுமின்னோட்டத்தின் அரைச் சுற்று முதல் 1 நிமிடம் வரை நீடித்தால் அது ஸேக். 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று என்பது வெறும் 10 மில்லி விநாடி. பன்னாட்டு மின்தர அமைப்பான ஐ.இ.சி. இதையே டிப் என்கிறது.

'வீழ்ச்சி' ஏன் கூடாது? அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதன் இரு முனைகளுக்கிடையே இழக்கப்படும் அழுத்தத்தை மின்னழுத்த வீழ்ச்சி என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். மின்னோட்டம் பாயும்வரை அது இருந்துகொண்டேதான் இருக்கும். ஸேக் என்னும் தொய்வோ வந்து போவது. நேரடியாகக் கிளப்பும்போது மோட்டார் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5, 6 மடங்கு இழுக்கிறது. கம்பியில் வீழ்ச்சி கூடுகிறது, அதனால் பக்கத்துக் கருவிகளுக்குத் தொய்வு. விளக்கு ஒரு கணம் மங்குகிறது, மோட்டாருக்கு மின்சாரம் தரும் காந்தச் சுவிட்சான கான்டாக்டர் 'டக்'கென்று விடுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் 'வீழ்ச்சியால் வீழ்ச்சி' என்றல்லவா எழுத வேண்டும்? கையேட்டை நம்பி, கம்பியில்தான் கோளாறு என்று ஒருவர் கேபிளைத் தடித்ததாக மாற்றிப் போடுவார். கோளாறு வெளியே எங்கோ நடந்த குறுக்குச்சுற்றாக இருந்தால், அந்தச் செலவு வீண்.

'தாழ்வு' என்பாரும் உண்டு. அதை வீடுகளுக்கு வரும் எல்.டி. (லோ டென்ஷன்) லைனுக்குத் தாழ்வழுத்தம் என்று கொடுத்தாயிற்று.

தொய்தல் நம் பழைய வினை. ஈரத்துணியைப் போட்டால் கொடி தொய்கிறது, எடுத்ததும் எழுகிறது. சுமை, இறக்கம், மீட்சி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆனால் 'மின் தொய்வு' என்று சுருக்க வேண்டாம். கம்பங்களுக்கிடையே கம்பி தொங்குவதும் தொய்வுதான். மின்னழுத்தத் தொய்வு என்று முழுதாகவே எழுதலாம். 1 நிமிடத்தைத் தாண்டினால் அது குறை மின்னழுத்தம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள், அது வேறெங்கே புழங்குகிறது என்று பார்ப்பதில்லை. 'மின்தடை'யைப் பாருங்கள். பாடநூலில் அது ஓம் கணக்கில் அளக்கும் ரெசிஸ்டன்ஸ், செய்தித்தாளில் கரண்ட் போவது. கரண்ட் போவதைத் தடங்கல் என்றாலே போதும். மின்வாரியமே நிறுத்தினால் மின்வெட்டு.